சேணம் பூட்டும் வேளையும் குதிரையின் புல்லும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

  

நமது சங்கக் கூட்டங்களில் நாம் பேசும் விஷயங்கள் பெரும்பாலும் கடன், வட்டி, தவணை, விதை, உரம் என்பவையே. இன்று நான் பேசப்போவதோ, குதிரைக்குச் சேணம் பூட்டும் அந்த அரைமணி நேரத்தில் அதன் முன்னால் சிறிது உலர்ந்த புல்லைப் போடுவதா, கூடாதா. போட்டால் எங்கே, எவ்வளவு. அதை எப்பொழுது அகற்றுவது என்பதைப் பற்றி. இதைக் கேட்டுச் சிலர் புன்னகை செய்வதைக் காண்கிறேன். புல் சிறிதுதான், ஆனால் அதில் ஒரு குடும்பத்தின் ஜீவனமே அடங்கியிருக்கக் கூடும் என்பதை என் சொந்த நஷ்டத்தால் அறிந்தவன் நான். ஆகையால் சற்றுப் பொறுமையுடன் செவிசாய்க்கும்படி வேண்டுகிறேன்.

குதிரை நம் தமிழ் நாட்டிற்குப் புதிதன்று. பாண்டிய மன்னர்கள் அரேபிய தேசத்திலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகளைத் தருவித்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து யாத்திரிகனாகிய மார்க்கோ போலோ, அவ்வாறு பெரும் பொருள் கொடுத்து வாங்கிய குதிரைகளில் மிகப் பல, பேணும் முறை தெரியாமையால் விரைவில் மடிந்தன என்றும், அவற்றிற்கு மாமிசத்தைச் சோற்றோடு சேர்த்து வேகவைத்துக் கொடுத்தார்கள் என்றும் எழுதி வைத்தான். புல்லைத் தின்னப் பிறந்த பிராணிக்குப் புல்லைத் தவிர மற்றெல்லாம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுவதில்லை.

அக்காலத்துப் படைக்குதிரைகள் போயின. பின்னர் நகரங்களில் ஓடிய ஜட்கா வண்டிகளும் பெரும்பாலும் மறைந்துவிட்டன. எனினும் குதிரையைக் கொண்டு பிழைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் வெளியூரார்க்குச் சவாரி விடுகிறவர்களும், சென்னைக் கடற்கரையில் குழந்தைகளை ஏற்றிச் செல்கிறவர்களும் நமக்குத் தெரிந்தவர்களே. ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் திருவிழாவோடு கூடும் சந்தைக்குச் சென்றவர்கள், குதிரை வாங்குவோரும் விற்போரும் அங்கு எவ்வளவு பேர் திரளுகிறார்கள் என்பதைக் கண்டிருப்பீர்கள். நானும் அப்படிப்பட்டவர்களில் ஒருவன். மலையூர் ஒன்றில் பல வருஷங்களாக மட்டக்குதிரை விட்டு ஜீவிப்பவன்.

நான் செய்த பிழை

என்னிடம் செந்நிறப் பெண்குதிரை ஒன்று இருந்தது. வாங்கின புதிதில் அதைப் போன்ற சாது இல்லை. ஐந்து வயதுக் குழந்தையும் அதன் மேல் அஞ்சாமல் ஏறும். சங்கத்தில் கடன் பெற்று வாங்கிய குதிரை அது. கோடைப் பருவத்தின் வரும்படியில் கடனைத் தீர்த்துவிடலாம் என்பது என் கணக்கு.

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். இராத்திரி போட்ட புல் விடியுமுன் தீர்ந்துவிடும். காலையில் சவாரி முடியும்வரை மறுபடி புல் காட்டுவதில்லை. வயிறு நிறைந்த குதிரை ஓடாது, மூச்சு வாங்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். நானும் அப்படியே செய்தேன். விடியற்காலம் முதல் பத்து மணி வரையிலும், ஜனங்கள் அதிகமாக வந்தால் நடுப்பகல் வரையிலும், அது வெறும் வயிற்றோடு ஏற்றமும் இறக்கமும் ஓடியது.

இரண்டு மாதங்களில் அதன் குணம் மாறிற்று. வயிற்று வாரை இழுக்கப் போனால் காதைப் பின்னுக்கு மடக்கும். திரும்பிக் கடிக்க வரும். கொள்ளு வைத்தால் பாதியைத் தின்று பாதியை விட்டுவிடும். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. நான் அதைத் திமிர் என்று எண்ணினேன். எண்ணியதோடு நில்லாமல் அடிக்கவும் செய்தேன். ஒரு நாள் ஒரு சிறு பெண்ணை ஏற்றிவிட்டு வாரை இன்னொரு துளை இறுக்கினேன். குதிரை துள்ளிற்று. அக்குழந்தையின் தகப்பனார் பக்கத்திலேயே நின்றதால் அவர் கையில் அது விழுந்தது. இரண்டடி தள்ளி நின்றிருந்தால் கல்லின் மேல் விழுந்திருக்கும். இதைச் சொல்லும்பொழுது இன்றைக்கும் என் கை நடுங்குகின்றது.

அதன் பிறகே கால்நடை வைத்தியரிடம் கொண்டு போனேன். அவர் நீண்ட குழாயின் நுனியில் விளக்கும் கண்ணாடியும் பொருந்திய கருவியை மூக்கு வழியாக இரைப்பைக்குள் செலுத்திப் பார்த்து, இரைப்பையின் மேற்பாகம் முழுவதும் புண் என்று காட்டினார். புண்ணின் மேல் புளித்த நீர் படும் பிராணியைக் கட்டி இறுக்கி, அது கடிக்கிறது என்று நான் அடித்திருக்கிறேன்! மருந்துக்கும் ஓய்வுக்குமாக அந்தப் பருவம் முழுவதும் போயிற்று. கடன் தவணை தவறியது. பிழை குதிரையினுடையதன்று, என்னுடையது.

காரணம் என்ன?

மனிதனுடைய இரைப்பையில் புளித்த ஜீரண நீர் பெரும்பாலும் சாப்பாட்டை ஒட்டியே அதிகமாகச் சுரக்கின்றது. குதிரைக்கு அப்படியன்று. தின்றாலும் தின்னாவிட்டாலும் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும். ஏனெனில், நாள் முழுவதும் தலையைத் தாழ்த்திச் சிறிது சிறிதாக மேயும்படி அதன் தேகம் அமைந்திருக்கிறது. அந்தப் புளிப்பை மாற்றுவது உமிழ்நீர். குதிரையின் உமிழ்நீரோ மெல்லும்பொழுது மட்டுமே சுரக்கும். மெல்லுவதற்கு ஒன்றுமில்லையானால் உமிழ்நீரும் இல்லை. புளிப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குதிரையின் தேகம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு அதன் இரைப்பை சிறியது. 8 முதல் 15 லிட்டர் வரையில்தான் கொள்ளும். அதன் கீழ்ப்பாகத்திற்குப் புளிப்பைத் தாங்கும் வழுவழுப்பான போர்வை உண்டு. மேற்பாகத்திற்கு அப்போர்வை இல்லை. குதிரை நிற்கும்பொழுது புளித்த நீர் கீழே தங்கும். ஓடும்பொழுது வயிற்றுத் தசைகள் இறுகி இரைப்பையை அமுக்க, அந்நீர் மேலே ஏறி மென்மையான பாகத்தைச் சுடுகின்றது. இதை 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிரசுரமான ஓர் ஆராய்ச்சி, குதிரைகளை ஓடவிட்டு இரைப்பைக்குள் அளந்து காட்டியது. உலர்ந்த புல் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் அது நீரின் மேல் பாய் விரித்தாற்போல் மிதந்து, தெறிப்பதைத் தடுக்கும். கிணற்றிலிருந்து குடத்தில் நீர் சுமக்கும் பெண்கள் நீர் தளும்பாதிருக்க மேலே ஓர் இலையைப் போடுவதைக் கண்டிருக்கிறோமல்லவா? அதே உபாயந்தான் இது.

அப்படியானால் பெரியவர்கள் சொன்னது முழுவதும் பொய்யா என்று கேட்பீர்கள். முழுவதும் பொய்யன்று. வயிறு புடைக்கக் கொள்ளும் தவிடும் தின்ற குதிரையை உடனே ஓட்டுவது அபாயமே. இரைப்பை நுரையீரலுக்கு அடுத்தாற்போல் இருப்பதால் மூச்சுக்கு இடைஞ்சலாகும், வயிற்றுவலியும் உண்டாகும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. ஆகையால் அந்த வலி உயிருக்கே ஆபத்தாய் முடிதல் உண்டு. எனவே கொள்ளு முதலிய தானிய ஆகாரத்திற்கும் சவாரிக்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி இருக்க வேண்டும். பெரியவர்களுடைய எச்சரிக்கை தானியத்திற்குப் பொருந்தும். சிறிதளவு புல்லுக்குப் பொருந்தாது. நாம் இரண்டையும் ஒன்றாய்க் கட்டிவிட்டோம்.

எவ்வளவு போடுவது?

ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு அதன் உடல் எடையில் 100க்கு ஒன்றரை முதல் 2 பங்கு வரை உலர்ந்த புல் வேண்டும். 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு ஏறக்குறைய 4 முதல் 5 கிலோ ஆகும். சாதாரணக் குதிரை ஒரு கிலோ உலர்ந்த புல்லை மென்று முடிக்க முக்கால் மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்ளும்; மட்டக்குதிரை இன்னும் மெதுவாகத் தின்னும். உடம்பு தேய்த்து, குளம்பு பார்த்து, சேணம் பூட்ட நமக்கு 20 நிமிஷம் முதல் அரைமணி வரை ஆகிறது. ஆகையால் அரைக் கிலோ புல் போதுமானது. இதை அதிகப்படியாக வாங்க வேண்டுவதில்லை. அன்றைய பங்காகிய 5 கிலோவிலிருந்தே அரைக் கிலோவை எடுத்து முன்னிரவில் தனியே கட்டி வைத்தால் போதும். இதனால் ஒரு காசும் செலவு கூடுவதில்லை என்பதைச் சிக்கனம் பார்க்கும் அன்பர்கள் கவனிப்பார்களாக.

செய்யும் முறை

முதலாவது, இடம். புல்லைச் சேணமும் விரிப்பும் வைத்திருக்கும் இடத்திலிருந்து விலக்கிக் குதிரையின் முகத்திற்கு நேரே வைக்க வேண்டும். அகன்ற தாழ்ந்த கூடையில் தரையில் வைப்பது மிகவும் நல்லது. தலையைத் தாழ்த்தித் தின்பது குதிரையின் இயல்பு, தூசியும் மூக்கில் ஏறாது. வலைப்பையில் தொங்கவிடுகிறவர்கள், பை காலியானபின் கீழே தொய்ந்து குளம்பு அதில் சிக்காதபடி உயரமாகக் கட்டவேண்டும். ஆனால் கண்ணில் துரும்பு விழும் அளவுக்கு உயர்த்தலாகாது. லாடம் அடித்த காலுக்கு வலை மிகவும் ஆபத்து.

இரண்டாவது, கட்டு. தலைக்கயிற்றை நேரே கம்பத்தில் கட்டாமல், கம்பத்தில் மெல்லிய சணல் வளையம் ஒன்றைக் கட்டி அதில் மாட்டுங்கள். குதிரை மிரண்டு இழுத்தால் சணல் அறும், கழுத்து தப்பும். முடிச்சும் ஒரே இழுப்பில் அவிழ்வதாக இருக்கட்டும். இரண்டு குதிரைகளைப் பக்கத்தில் நிறுத்தி ஒரே கூடையில் புல் போடுவது சண்டையை விலைக்கு வாங்குவதாகும். ஒன்றையொன்று எட்டாத தூரத்தில் தனித்தனியே வையுங்கள். தின்கின்ற குதிரையின் பின்பக்கம் குழந்தைகளை விடலாகாது.

மூன்றாவது, விரிப்பு. முதுகைத் தேய்த்து முடித்தபின் உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பாருங்கள். விரிப்பின் அடியிலோ வாரின் அடியிலோ ஒரே ஒரு புல் தண்டு அகப்பட்டாலும், ஒரு மணி நேரச் சவாரியில் அது முள்ளைப்போல் உரசிப் புண்ணாக்கிவிடும். அப்புண் ஆற நாட்கள் பல ஆகும். அத்தனை நாளும் வரும்படி இல்லை.

நான்காவது, வயிற்று வார். இதை ஒரே மூச்சில் இறுக்குவது கொடுமை. சேணம் நழுவாத அளவுக்கு முதலில் தளர்வாகப் பூட்டுங்கள். குதிரை தின்னட்டும், நீங்கள் அங்கவடியைச் சரி பாருங்கள். சில நிமிஷங்கள் கழித்து இரண்டாவது முறை ஒரு துளை ஏற்றுங்கள். சில அடி நடத்தியபின், ஏறுமுன், மூன்றாவது முறை பாருங்கள். மெல்லுகின்ற குதிரை தசையைத் தளர்த்தி நிற்கும். ஆனால் புல்லைக் காட்டி ஏமாற்றி வாரை வெடுக்கென்று இழுத்தால், புல்லைக் கண்டாலே அது சந்தேகப்படத் தொடங்கும். வாரை இழுக்கும்பொழுது கடிக்க வரும் குதிரையைத் திமிர் பிடித்தது என்று தீர்மானிக்குமுன், முதுகில் புண் உண்டா, சேணம் பொருந்துகிறதா, வயிற்றில் நோய் உண்டா என்று வைத்தியரைக் கேளுங்கள். எல்லாக் கோபமும் இரைப்பைப் புண் அன்று. ஆனால் காரணமில்லாத கோபம் பிராணிகளுக்குக் குறைவு.

ஐந்தாவது, கடிவாளம். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைப் பற்றி நம்மவர் பழமொழி சொல்வார்கள். அந்தப் பழமொழிக்குப் பரிகாரம் இதுதான்: கடிவாளத்தைக் கடைசியில் போடுங்கள். புல் தீர்ந்தபிறகு, அல்லது மிச்சத்தை அகற்றிய பிறகு, வாயில் உள்ளதை மென்று விழுங்கும்வரை நில்லுங்கள். கடைவாய் ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்து, கவளம் ஏதும் இல்லையென்று நிச்சயித்துக்கொண்டு இரும்பை உள்ளே செலுத்துங்கள். வாயில் இரும்போடு நீண்ட புல்லைத் தின்னவிட்டால் அது இரும்பில் சுற்றிக்கொள்ளும். சரியாக மெல்லாமல் விழுங்கிய கவளம் உணவுக் குழாயில் அடைத்துக்கொள்ளவும் கூடும். மேலும் கடிவாளத்தோடு தின்னப் பழகிய குதிரை, சவாரியின் நடுவே புல்லைக் கண்ட இடத்திலெல்லாம் தலையைக் கவிழ்க்கும். மேலே இருக்கும் குழந்தை முன்னே சரியும்.

மிச்சத்தை எடுக்கும்பொழுது வாயிலிருந்து பறிக்காதீர்கள். அளந்து போட்டால் பறிக்க வேண்டிய அவசியமே வராது. இரண்டாவது இறுக்கல் முடியும்பொழுது புல்லும் முடிய வேண்டும். அந்த அளவைக் கண்டுகொள்வதுதான் இதில் உள்ள வித்தை. ஒரு வாரம் பழகினால் கண்ணே அளந்துவிடும்.

சவாரி முடிந்தபின் வாரைத் தளர்த்தி, கடிவாளத்தைக் கழற்றி, சிறிது நடத்தி, தண்ணீர் காட்டி, மறுபடி புல் போடுங்கள். தேகச் சூடு தணிந்து ஒரு மணி நேரம் சென்றபின் கொள்ளு வைக்கலாம்.

எந்தப் புல்?

நெல் வைக்கோல் மாட்டிற்கு உதவும். குதிரைக்கு அதையே பிரதான ஆகாரமாக்குவது தவறு. அதில் சத்துக் குறைவு. கரடுமுரடானதால் குடலில் அடைத்துக்கொள்ளவும் கூடும். அறுகும் கொழுக்கட்டைப் புல்லும் பூக்கும் பருவத்தில் அறுத்து வெயிலில் உலர்த்தினவை நல்லவை. எனினும், கொழுக்கட்டைப் புல்லிலும் மலைப்பிரதேசத்துக் கிக்குயு புல்லிலும் உள்ள ஒருவகை உப்பு, சுண்ணாம்புச் சத்தைக் குதிரையின் தேகத்தில் சேரவொட்டாமல் தடுக்கும். இவற்றையே வருஷக் கணக்கில் கொடுத்தால் எலும்பு வலிமை குன்றி முகம் வீங்கும். இதற்குப் பரிகாரமும் நம் நிலத்திலேயே இருக்கிறது. குதிரை மசால் என்று நாம் அழைக்கும் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. இரைப்பையின் புளிப்பைத் தணிக்கும் குணமும் அதற்கு உண்டு. வைத்தியரைக் கேட்டு அளவறிந்து அதைக் கலந்து கொடுங்கள். குதிரையின் பெயரையே தாங்கி நிற்கும் பயிரைக் குதிரைக்குக் கொடுக்க மறக்கலாமா?

பூசணம் பிடித்த புல்லை எக்காரணத்தாலும் போடலாகாது. தூசி மிகுந்த புல்லைக் கொடுத்தால் குதிரைக்கு இருமலும் இளைப்பும் வரும். தூசி இருந்தால் கொடுக்குமுன் பத்து நிமிஷம் முதல் அரைமணி வரை சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்து போடுங்கள். நனைத்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். வெயிலில் விட்டால் புளித்துப்போகும்.

சங்கம் செய்யக்கூடியது

கனவான்களே! இந்திய தேசத்தில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அதே ஆண்டில் திருவள்ளூருக்கு அருகிலுள்ள திரூரில் சங்கம் தோன்றியது. அன்றுமுதல் சங்கம் என்றால் கடன் வாங்கும் இடம் என்ற எண்ணமே நம்மில் பலருக்கு வேரூன்றியிருக்கிறது. கடன் கொடுத்து ஒருவனுக்குக் குதிரை வாங்கித் தருவதோடு சங்கத்தின் கடமை தீர்ந்துவிடாது. அந்தக் குதிரை பிழைத்திருந்தால் அல்லவா கடன் திரும்பும்? என் பெண்குதிரைக்கு முறை தெரிந்த ஒருவர் முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால், சங்கத்திற்கும் தவணை தவறியிராது, அந்தப் பிராணிக்கும் அடி விழுந்திராது.

ஆகையால் மூன்று யோசனைகளைப் பணிவுடன் வைக்கிறேன். 20 குதிரைகளுக்குச் சேணம் பூட்டும் வேளைக்கு மட்டும் மாதம் 300 கிலோ புல் வேண்டும்; முழு ஆகாரத்திற்கு அதைப்போல் பத்து மடங்கு, அதாவது 3,000 கிலோ. இதை ஒவ்வொருவரும் அன்றாடம் சில்லறையாக வாங்குவதால் விலையும் ஏறுகிறது, நனைந்த புல்லும் தலையில் விழுகிறது. புல் செழித்துப் பூக்கும் பருவத்தில் சங்கமே மொத்தமாக வாங்கலாம். இது முதலாவது. வாங்கியதைத் தரையில் குவிக்காமல் பலகைப் பரண்மேல் அடுக்கி, காற்று உலாவும்படி ஒரு கொட்டகையில் காப்பாற்றலாம். இது இரண்டாவது. வருஷத்திற்கு இருமுறை கால்நடை வைத்தியரை அழைத்து எல்லாக் குதிரைகளின் பல்லையும் முதுகையும் வயிற்றையும் பார்க்கச் செய்யலாம். இது மூன்றாவது. தனித்தனியே நம்மால் ஆகாதவை. கூடினால் எளிதில் ஆகக்கூடியவை.

அந்தச் செந்நிறக் குதிரை இன்னும் என்னிடமே இருக்கிறது. வயது சென்றுவிட்டபடியால் சவாரி குறைவு. எனினும் காலையில் நான் சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தால் முன்போல் காதை மடக்குவதில்லை. கூடையைப் பார்த்துக் கனைக்கிறது. அரைக் கிலோ புல்லை வைத்துவிட்டு நான் வேலையைத் தொடங்குகிறேன். அது மெல்லும் சத்தம் கேட்கும்வரை வாரைத் தொடுவதில்லை.